சாமுராய்களுக்குப் பொட்டு வைத்த ஆயுத பூஜை

ஆட்டோ பெயின்ட் கடையில் வாங்கும் அடிப்பூச்சுக்கான சாம்பல் பிரைமருக்கு ஒரு வாசனை உண்டு. மூக்கைத் துளைத்துவிட்டு அரை நாள் சட்டையிலேயே குடியிருக்கும். போத்தனூர் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர் டேங்க் நிழலில், அட்டைப்பெட்டிக்குள் சாமுராய்களை நிறுத்தி வைத்து அதைத்தான் அடிப்போம்...

அடிப்போம் என்றால் நானும் கோகுலும். ஒரே பம்ப் கம்பெனியில் டிராயிங் போட்டுக்கொண்டிருந்தோம். வேலை முடிந்தால், மேஜையைப் போர்க்களமாக்கி, தாயக்கட்டை உருட்டி, டேப் வைத்து அளந்து படை நகர்த்தும் விளையாட்டு. படை என்றால் கட்டைவிரல் உயரம்கூட இல்லாத ஜப்பானிய வீரர்கள். பொம்மை என்று யாராவது சொன்னால் கோகுலுக்குச் சுருக்கென்று கோபம் வரும். "மினியேச்சர்னு சொல்லுங்க" என்பான்.

கவசத்துக்குச் சிவப்பு, முதுகுக் கொடிக்கு வெள்ளை. அதெல்லாம் எப்படியோ வந்துவிட்டது. கண்தான் வரவில்லை. கடுகில் பாதிகூட இல்லாத இடத்தில் வெள்ளை வைத்து, அதன் நடுவில் கறுப்பு வைக்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு வைத்தாலும் எங்கள் படையில் பாதிப் பேருக்கு மாறுகண்.

எட்டு மாதத்தில் இருபத்து நாலு பேர் தேறினார்கள். பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை ஒரு போட்டி, சொந்தமாகப் பெயின்ட் அடித்த படைகளுக்கு. அதற்குத்தான் இத்தனை பாடும். மேலே வார்னிஷ் மட்டும் பாக்கி. மழைக்காலத்து ஈரக் காற்றில் வார்னிஷ் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும் என்று வெயிலுக்காகக் காத்திருந்தோம்.

அந்த வாரம்தான் ஆயுத பூஜை.

அப்பா கணபதியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் லேத் ஓட்டியவர். எங்கள் வீட்டில் தீபாவளிகூட அப்படி இப்படித்தான், ஆயுத பூஜை மட்டும் விட்டுப்போகாது. ஸ்பேனர், வெர்னியர், பைக், மிக்ஸி, அம்மாவின் தையல் மெஷின்... எதையும் விடமாட்டார். எல்லாவற்றுக்கும் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

நான் ஆர்.எஸ்.புரம் போய், படையைப் பேக் செய்ய ஸ்பாஞ்ச் வாங்கிக்கொண்டு, கோகுலையும் ஏற்றிக்கொண்டு வந்தேன். அறைக்குள் நுழைந்தால்... இருபத்து நாலு சாமுராய் முகத்திலும் ஈரச் சந்தனம், குங்குமம்.

"ஏனுங்கப்பா இப்படிப் பண்ணிப்போட்டீங்க?"

"வாளு புடிச்சு நிக்கறாங்கல்ல கண்ணு, ஆயுதத்துக்கு வெக்காம உட்டா நல்லாவா இருக்கும்? என்ற வெரலு பெருசு. அதான் ஊதுபத்திக் குச்சியச் சீவி வெச்சேன்." கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிரித்தார். காலையிலிருந்து அதே வேலையாக உட்கார்ந்திருக்கிறார் என்று அம்மா பின்னால் இருந்து சொன்னாள்.

"அறிவிருக்குதாங்க உங்களுக்கு? எட்டு மாச வேலைங்க! இனி இந்த டேபிள் பக்கமே வராதீங்க!" என்று கத்தினேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். எவ்வளவு கோபத்திலும் அந்த மரியாதை 'ங்க' போகாது. அதனால் வார்த்தை சுடாது என்று அர்த்தமில்லை.

"தெரியாம வெச்சுப்போட்டேன் சாமி" என்று சொல்லிவிட்டு, குங்குமக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அப்பா வெளியே போய்விட்டார்.

கோகுல் லென்ஸை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய், இங்க வந்து பாரு. அத்தனையும் நடு நெத்திடா. ஒண்ணு கூட வெலகல. நம்மனால ஒரு கண்ண ஒழுங்கா வெக்க முடியல... இப்படியே கொண்டுபோலாம்டா."

நான் காதில் வாங்கவில்லை. ஈரப் பஞ்சை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டேன். வார்னிஷ் இல்லாத பெயின்ட், குங்குமத்தைக் குடித்துவிட்டது. துடைக்கத் துடைக்கப் பரவி, கடைசியில் முகத்துப் பெயின்ட்டும் கையோடு வந்தது.

பெங்களூரில் ஒருவர் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏன் எல்லாருக்கும் ஜுரம் வந்த மாதிரி இருக்கு?" என்று கேட்டார். பரிசு ஒன்றுமில்லை. அங்கே வந்திருந்த படைகளைப் பார்த்தால், எங்கள் முகங்கள் நன்றாக இருந்திருந்தாலும் கிடைத்திருக்காது.

அப்பா அதற்குப் பிறகு அந்த மேஜைப் பக்கம் வரவில்லை. வருஷா வருஷம் யுபிஎஸ், கம்ப்யூட்டர் வரைக்கும் பொட்டு வைப்பார், மேஜையைத் தாண்டிப் போய்விடுவார். இரண்டாவது வருஷமே கவனித்தேன். நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தேன். உள்ளதைச் சொல்கிறேன்.

இப்போது கண்ணாடி அலமாரி இருக்கிறது, பெயின்ட் தெளிக்க ஏர்பிரஷ் இருக்கிறது. கோகுல் புனேயில் 3டி பிரின்டர் வைத்துச் சாமுராய்களை வீட்டிலேயே அச்சடித்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறான். என் படைக்கு மூன்று கோட் வார்னிஷ், தண்ணீரில் முக்கி எடுத்தாலும் ஒன்றும் ஆகாது.

இந்த வருஷம் பூஜையன்று நானே நாலு பேரை எடுத்து மேஜையில் வைத்தேன்.

"அப்பா, இவங்களுக்கும் வெச்சு உடுங்க."

"எதுக்கு கண்ணு... உனக்குப் புடிக்காதல்ல."

"புடிக்குமுங்க."

அப்பா குச்சியைச் சீவி எடுத்துக்கொண்டார். இரண்டு வருஷமாக அவருக்குக் கை நடுக்கம். முதல் பொட்டு கன்னத்தில் விழுந்தது. அடுத்தது தோளில். மூன்றாவதற்கு இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பிறகு குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

"கை நிக்க மாட்டேங்குது சாமி. தொடச்சுரு."

துடைக்கவில்லை, அப்படியே அலமாரியில் வைத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பழைய பூஜையன்று வைத்த இருபத்து நாலு பொட்டில் ஒன்றைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை, ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. நடு நெற்றியில் இருந்தன என்பது கோகுல் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.