ராசாங்கம் அடித்த மூன்று முளைகள்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரேடியோ பழுது பார்த்த ராசாங்கத்துக்கு யாரும் தொழில் சொல்லித் தரவில்லை. கெட்டுப்போன வால்வு ரேடியோக்களைப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டவர். அவற்றில் இரைச்சல் வந்தால் அவரிடம் ஒரே வைத்தியம்தான்: குழி தோண்டி, உப்பும் கரியும் கொட்டி, இரும்பு முளை அடித்து எர்த் வயர் கட்டுவது.

எண்பத்து மூன்றில் அவர் உத்திராபதியின் மெல்லிசைக் குழுவில் கிதாரும் வாசித்தார். லெப்பைக்குடிக்காட்டு நண்பர் சைபுல்லா துபாயிலிருந்து வந்தபோது, காலால் மிதித்து இயக்கும் மூன்று சின்னப் பெட்டிகள் கொண்டுவந்து கொடுத்தார். கிதாரின் ஒலியை ஒன்று கரகரப்பாக்கும், ஒன்று அலைபோல ஆட்டும், ஒன்று எதிரொலிக்கச் செய்யும். ஒவ்வொன்றுக்கும் ஒன்பது வோல்ட் பேட்டரி வேண்டும். அது ஊரில் கிடைக்கவில்லை.

பேட்டரிக்குப் பதிலாகக் கரண்டில் ஓடும் எலிமினேட்டர் ஒன்றைத் தானே செய்தார். ஒன்றின் கரண்டு மற்றதில் கலக்கக் கூடாதென்று, ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் மூன்று தனிச் சுற்றுகளைக் கையாலேயே சுற்றினார். பெட்டிக்கு ஒன்றாக மூன்று முளைகளும் கடைக்குப் பின்னால் அன்றே இறங்கின. சுவிட்சைப் போட்டதும் 'ங்ங்ங்' என்று வண்டு குடைகிற சத்தம்.

கண்டென்சரை மாற்றினார். டிரான்ஸ்ஃபார்மரை இரண்டு முறை பிரித்துச் சுற்றினார். மனைவி மலர்க்கொடியைத் தினமும் முளைகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். மழை பெய்த நாளில் சத்தம் கூடியது. உப்பு கரைந்துவிட்டதென்று இன்னும் இரண்டு படி உப்பு கொட்டினார். இப்படியே எட்டு மாதம். கச்சேரிக்குப் போகும் இடத்திலும் மேடைக்குப் பின்னால் மூன்று முளைகள் அடிப்பார். வண்டும் கூடவே வந்தது.

ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலைத் தொழிலாளர் விழா. சாயங்காலம் கச்சேரி.

"கச்சேரிக்கு வந்தியா, ஆடு கட்ட வந்தியா?" என்றார் உத்திராபதி. "இன்னைக்கும் அந்த வண்டு கத்துச்சுன்னா பொட்டியும் வேணாம், நீயும் வேணாம் ராசாங்கம். திருச்சியில ஒருத்தன் கிதாரோட காத்துக்கிட்டிருக்கான்."

ராசாங்கம் சுத்தியலை ஓங்கினார். பெரம்பலூர்க் கரிசலில் வழுக்கிக்கொண்டு இறங்கும் முளை, இங்கே ஒரு சாணுக்கு மேல் போகவில்லை. கீழே சுண்ணாம்புப் பாறை. இடம் மாற்றி அடித்தார். முளை வளைந்தது. மூன்றும் வளைந்தன.

"எக்கேடும் கெட்டுப் போ" என்று சுத்தியலை வீசிவிட்டு, எர்த் வயர்களை அறுத்துச் சுருட்டி, வெறும் பெட்டிகளை மாட்டினார்.

சத்தமே இல்லை.

"என்னப்பா, கரண்டு வரலையா?" என்றார் உத்திராபதி.

ராசாங்கம் தந்தியைத் தட்டினார். மணி அடித்தாற்போல் கேட்டது.

முதல் பாட்டு முடிவதற்குள் அவருக்கு விளங்கிவிட்டது. ஆம்ப்ளிஃபயருக்கு மைக் செட்காரர் கட்டிய எர்த் ஒன்றே போதும். பெட்டிகள் கிதார் வயர் வழியாக அதனோடு சேர்ந்தேதான் இருந்தன. தான் பாடுபட்டுப் பிரித்துவைத்ததை மூன்று முளைகளும் மண்ணுக்கடியில் மறுபடி இணைத்திருக்கின்றன; அந்த வழியாகச் சுற்றிவந்த கரண்டுதான் வண்டாகக் கத்தியது. உத்திராபதி சிரித்தார். ராசாங்கம் கடைசிப் பாட்டுவரை பல்லைக் கடித்துக்கொண்டே வாசித்தார்.

மறுநாள் காலையில் கடைக்குப் பின்னால் முளைகளை ஆட்டிப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நடந்ததைக் கேட்டிருந்த மலர்க்கொடி குடத்தோடு வந்து நின்றாள்.

"ஏங்க, அப்ப இத்தன நாளா நான் தண்ணி ஊத்துனது?"

"இரைச்சலுக்குத்தான்டி ஊத்துன. நல்லா வளந்துச்சு."

மூன்றாவது முளை வரவில்லை. உப்பில் துருவேறி மண்ணோடு இறுகிவிட்டிருந்தது. அதை ஓங்கி ஓர் உதை உதைத்துவிட்டு, காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.