தலைத்துண்டுக்குள் போன்

நான் தென்னை ஏறுகிறவன். பாலசமுத்திரம் பக்கம் தோப்புகளில் காய் வெட்டுவது வேலை. போனை மரத்துக்குக் கொண்டுபோக மாட்டேன். ஒருமுறை பையிலிருந்து நழுவி விழுந்து சுக்கல் சுக்கலாகிவிட்டது. அன்றிலிருந்து சட்டையைக் கழற்றி, போனை அதற்குள் சுருட்டி, வரப்பில் வைத்துவிட்டுத்தான் ஏறுவேன்.

முதல் பிரசவத்தில் என் மனைவிக்கு வலி கண்டபோது நான் மரத்தில் இருந்தேன். சட்டைக்குள் போன் பதினோரு தடவை அடித்திருக்கிறது. வீட்டுக்குப் போனபோது கதவு பூட்டியிருந்தது. தனியாக ஆட்டோ பிடித்துப் போயிருந்தாள். பிள்ளை தங்கவில்லை.

அடுத்த முறை அவளுக்கு ஒன்பதாம் மாதம் தொடங்கியதும், பழனி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் காதில் மாட்டுகிற புளூடூத் வாங்கினேன். ஒயர் கிடையாது. புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு. முப்பது அடி எடுக்கும் என்றார் கடைக்காரர். மரம் அறுபது அடி என்று நான் சொல்லவில்லை.

முதல் நாள் சட்டையை மரத்தடியிலேயே வைத்துவிட்டு ஏறினேன். பாதி மரத்தில் காதுக்குள் ஒரு சத்தம் வந்தது. அதோடு ஊமை. இறங்கினேன், உயிர் வந்தது. ஏறினேன், போய்விட்டது. கீழே காய் பொறுக்குகிற அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏனப்பா, ஏறறதும் எறங்கறதுமா இருக்கற. மேல பேய் கீய் இருக்குதா?"

"போன் எடுக்குதான்னு பாக்கறனுங்கக்கா."

"வெட்டற காய விட்டுப்போட்டு கொக்குகூட பேசப் போறியாக்கும்."

மறுநாள் போனைத் துண்டில் சுருட்டித் தலையில் கட்டினேன். காதையும் சேர்த்து மூடி இறுக்கினேன். உச்சியிலும் அவள் குரல் வந்தது. ஆனால் காற்றில் நான் பேசுவது அவளுக்குக் கேட்கவில்லை.

"ஏனுங்க, இரைச்சல்தான் வருது. நான் சொல்றது கேக்குதுங்களா, இல்லீங்களா?"

அன்று சாயங்காலம் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். புளூடூத்தில் ஒரு பட்டன் உண்டு. ஒரு அமுக்கு அமுக்கினால் எடுக்கும், மறு அமுக்கில் கட் ஆகும். அவள் பேசுவாள். நான் பதில் பேசாமல் கட் பண்ணுவேன். கட் ஆனால் எனக்குக் கேட்டுவிட்டது என்று அர்த்தம்.

ஒரு வாரம் பார்த்தேன். வேர்வையில் கெடவில்லை. சார்ஜ் மத்தியானம் மூன்று மணி வரை நின்றது. அதற்கு மேல் நான் ஏறவில்லை. ஆனாலும் மனசு ஒரு நிலையில் இல்லை. காது சும்மா இருந்தால், புளூடூத் செத்துக் கிடக்கிறதோ என்று தோன்றும். ஒரு குலை வெட்டுவதற்குள் இரண்டு தடவை தொட்டுப் பார்ப்பேன்.

ஒரு நாள் கடும் வெயில். வேர்வை தாங்காமல் துண்டைக் காதுக்கு மேலே தூக்கிவிட்டிருந்தேன். பதினோரு மணி இருக்கும். மணி அடித்தது. அமுக்கினேன்.

"ஏனுங்க, வலி எடுத்துருச்சுங்க. வாங்க."

கட் பண்ணக் கையைக் கொண்டுபோனேன். வேர்வையில் விரல் வழுக்கியது. புளூடூத் கழன்று கீழே போனது. போன் தலையில் இருக்கிறது, கட் ஆகவில்லை. அங்கே அவள் காத்துக்கொண்டு நிற்கிறாள். உச்சியில் துண்டை அவிழ்த்தால் போனும் விழும். இறங்கினேன். நெஞ்சுத் தோல் மரத்தில் உரிந்தது. அது அப்போது தெரியவில்லை.

தரையில் கால் பட்டதும் துண்டை அவிழ்த்தேன்.

"கேட்டுருச்சு. வந்துட்டேன்."

"கட் ஆகலீங்களே." அழுதுகொண்டிருந்தாள். "மறுபடியுமான்னு நெனச்சுட்டேன்."

இந்த முறை ஆட்டோவில் அவள் பக்கத்தில் நான் இருந்தேன். பெண் பிள்ளை. நன்றாக இருக்கிறது.

புளூடூத் மட்டைக் குவியலில் கிடந்ததாம். அக்கா எடுத்து வைத்திருந்தார். மூடியில் ஒரு விரிசல், அவ்வளவுதான். கூட ஏறுகிறவர்கள் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வாங்கு, துண்டைக் காதுக்கு மேலே தூக்காதே என்கிறேன்.

இப்போது தினமும் பதினோரு மணிக்குக் கூப்பிடுவாள். பேச மாட்டாள். போனைப் பிள்ளை பக்கத்தில் வைப்பாள். அழுகை கேட்கும். நான் கட் பண்ணுவதில்லை.