பஸ் பிள்ளைகளின் பதினோரு ஓட்டு

வெள்ளிக்கிழமை காலை, ஆசிரியர் அறையின் நீள மேசைமேல் பழைய துண்டை விரித்து, ரோண்டா குபிசெக் தோளில் குறுக்காகப் போடும் பட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மொத்தம் ஆறு சாட்டின் பட்டைகள். அரசிப் பட்டத்துக்கு நிற்கும் மூன்று பெண்களுக்கும் அரசன் பட்டத்துக்கு நிற்கும் மூன்று பையன்களுக்கும். நேராகச் சூடு பட்டால் சாட்டின் பொசுங்கிவிடும். ஈரத்துணியைப் போட்டு ஒத்தி ஒத்தித்தான் எடுக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அவள்தான் இதைச் செய்கிறாள். பள்ளி அலுவலகச் செயலாளரின் வேலை இது என்று எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்கவில்லை. எழுதாத வேலைகள்தான் அவளிடம் அதிகம்.

அன்று ஹோம்கமிங், பழைய மாணவர்கள் ஊர் திரும்பும் பள்ளி விழா. பத்தரை மணிக்கு ஊர்வலம், சாயங்காலம் ஃபுட்பால், ஆட்டத்தின் இடைவேளையில் முடிசூட்டல். வெளியூரில் குடியேறிய பழைய மாணவர்களெல்லாம் வந்து இறங்கியிருந்தார்கள். மக்காச்சோள அறுவடை உச்சத்தில் இருந்தாலும், நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன ஊரில் இந்த ஒரு நாள் சாயங்காலம் மட்டும் இயந்திரங்கள் வயலில் நின்றுவிடும்.

ஆறு பட்டைகளில் ஒன்று அவளுடைய மகள் பெத்தனியுடையது. அதனால்தான் இந்த வருஷம் ஓட்டு எண்ணும் இடத்தின் பக்கமே ரோண்டா போகவில்லை. மாணவர் மன்றத் தலைவர் தேர்தலுக்கும் அரசிக்கும் ஒரே தாளில்தான் ஓட்டு. ஒவ்வொரு வருஷமும் பெட்டியைத் திறந்து எண்ணுகிறவள் அவள். இம்முறை புதிதாக வந்திருந்த ஆலோசகர் மிஸ் டில்மனிடம் சாவியைக் கொடுத்து, "எம் பொண்ணு நிக்கிறா. நான் அந்தப் பெட்டிய மோந்துகூடப் பாக்கமாட்டேன்" என்று சொல்லி ஒதுங்கிவிட்டாள்.

ஆனால் ஒரு வேலையிலிருந்து மட்டும் தப்ப முடியவில்லை. யார் அரசி என்பது மைதானத்தில் அறிவிக்கும்வரை ரகசியம். ஜெயித்த பெண்ணின் அம்மாவுக்கு மட்டும் முந்தின நாள் சாயங்காலம் பள்ளியிலிருந்து ஒரு போன் போகும். அப்பாவை வயலிலிருந்து இறக்கி நல்ல சட்டை போட வைக்க, தூரத்துச் சொந்தங்களுக்குச் சொல்லிவிட அந்தப் போன். "அது நீங்க பண்ணினாத்தான் சரியா இருக்கும்" என்றாள் டில்மன். எண்ணிக்கையையும் சொன்னாள்: ஐம்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு, பத்தொன்பது. மகென்னா ஃப்ரீஸன், பெத்தனி, கொரின். வியாழக்கிழமை சாயங்காலம் ரோண்டா மகென்னாவின் அம்மா ஜோலீனுக்குப் போன் செய்தாள். ஜோலீன் அழுதாள். ஆக்ஸிஜன் சிலிண்டரோடு இருக்கும் தன் அப்பாவை ஐந்து மணி நேரம் காரில் கூட்டி வரப்போவதாகச் சொன்னாள்.

அன்றிரவு பெத்தனி மக்ரோனியை இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, "எனக்கு வராதும்மா, தெரியும். ஆனா வந்தாலும் வரும்ல?" என்றாள். ரோண்டா பாத்திரத்தின் அடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னம்மா ரோண்டா, ராணியோட அம்மாவே இஸ்திரி போடறதா?"

ஆசிரியர் அறை வாசலில் மெர்ல் நின்றிருந்தார். தொழிற்பயிற்சிக்குப் பக்கத்து ஊருக்குப் போகும் பிள்ளைகளின் பஸ்ஸை ஓட்டுகிறவர். எழுபது வயது, வாய்க்கு வயதே ஆகவில்லை.

"உளறாதீங்க மெர்ல். காபி அங்க இருக்கு."

"உளறலா? என் பஸ்ஸுல பதினோரு பேரும் உன் பொண்ணுக்குத்தான் போட்டிருக்கானுங்க. போன வருஷம் வெல்டிங் படிக்க எங்களோடதானே வந்தா. புதன்கிழமை உன் கையிலதானே கவரக் குடுத்தேன்?"

இஸ்திரிப் பெட்டி ஈரத்துணிமேல் அப்படியே நின்றது. ஆவி புகைந்த பிறகுதான் தூக்கினாள்.

பஸ் பிள்ளைகள் ஓட்டு நேரத்தில் பள்ளியில் இருக்கமாட்டார்கள். திரும்பி வரும் வழியில் பஸ்ஸிலேயே போட்டு, கவரில் ஒட்டி, மெர்ல் கொண்டுவருவார். மற்ற வருஷங்களில் ரோண்டாவே அதைப் பெட்டியில் சேர்ப்பாள். இந்த வருஷம் அதைத் தொடக்கூடாது என்று நினைத்து, வந்த தேதியும் நேரமும் காட்டும் முத்திரையை மட்டும் குத்தி, ஒரு வார்த்தையும் சொல்லாமல் டில்மனின் மேசைமேல் இருந்த காகிதத் தட்டில் வைத்துவிட்டாள். புதிதாக வந்தவளுக்கு அது என்னவென்று எப்படித் தெரியும்?

டில்மனின் மேசைக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். தடுப்பூசி அறிவிப்புகளுக்குக் கீழே, ஒட்டிய ஒட்டு பிரியாமல் கிடந்தது. முத்திரையில் புதன், 1.40. ஆறு ஓட்டுதான் வித்தியாசம், உள்ளே இருப்பது பதினொன்று.

மெர்லைத் தவிர யாருக்கும் தெரியாது. மெர்லும் ஆட்டம் முடிந்ததும் மறந்துவிடுவார். வெளியே எடுத்தாலோ, சொந்த மகளுக்கு ஓட்டுக் கண்டுபிடித்தவள் என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். இந்த ஊரில் அது கல்லறைக் கல்வரை கூட வரும். எடுக்காவிட்டால், பெத்தனிக்குச் சேர வேண்டியது அவளுக்கு இல்லாமலே போகும். கவரை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போனாள்.

தலைமையாசிரியர் கிரெய்க் ஸ்வோபோடா இதே பள்ளியில் படித்தவன். அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அவனுக்குப் பதினாறு வயது. ஆள் இருந்தால் அவனை 'சார்' என்பாள். தனியாக இருந்தால் 'நீ'தான். அவன் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினான். டில்மனைக் கூப்பிட்டான். டில்மனுக்குக் கண் சிவந்துவிட்டது.

"சத்தியமா, அது ஏதோ பஸ் அனுமதிச் சீட்டுன்னு நெனச்சேன் சார்."

"விடுங்க. புதன்கிழமை மூணு மணிக்குள்ள பெட்டிக்குள்ள வந்ததுதான் ஓட்டு. இது பெட்டிக்குள்ள வரல. முடிஞ்சுது."

"ஆபீசுக்குள்ள வந்திருக்கு சார்" என்றாள் ரோண்டா. "ஒண்ணு நாப்பதுக்கு. முத்திரை இருக்கு."

"முத்திரை உங்க டிராயர்லதானே இருக்கு, ரோண்டா?"

டில்மன் தரையைப் பார்த்தாள். பள்ளி நிர்வாகக் குழுவில் இருந்த கிரெய்க்கின் அப்பா ஒரு காலத்தில் ரோண்டாவின் மேசைமுன் வந்து நின்று, மகனின் தாமதச் சீட்டில் ஒன்பது நிமிஷத்தை நாலாக மாற்றித் தரச் சொன்னார். அவள் மாற்றவில்லை. அன்று அவர் பக்கத்தில் தலைகுனிந்து நின்றது இதே கிரெய்க்தான்.

"தெறங்க" என்றாள் ரோண்டா.

"தெறந்து, மாறிடுச்சுன்னா? அந்தத் தாத்தா வழியில வந்துட்டிருக்கார்."

"மாறினா ஜோலீனுக்கு நானே போன் பண்றேன். நேத்து பண்ணினதும் நான்தானே? என்னைக் காறித் துப்பட்டும். பதினோரு பிள்ளைங்க போட்ட ஓட்டு சார் அது."

கிரெய்க் கழுத்து டையைத் தளர்த்தினான். டில்மனைப் பார்த்துத் தலையாட்டினான்.

ரோண்டா சுவரோரம் போய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். டில்மன் கவரைக் கிழித்து ஒவ்வொன்றாக வாசித்தாள்.

"பெத்தனி. பெத்தனி. மகென்னா. பெத்தனி. பெத்தனி."

இன்னும் ஐந்து, இன்னும் ஐந்து என்று உள்ளே ஏதோ எண்ண ஆரம்பித்துவிட்டதை ரோண்டாவே கவனித்தாள். நியாயத்துக்காகத்தான் வந்தேன் என்று சற்றுமுன் சொல்லியிருந்தால் அவளே நம்பியிருப்பாள்.

"கொரின். மகென்னா. மகென்னா." டில்மன் அடுத்த தாளைப் பிரித்தாள். "பெத்தனி. கொரின். மகென்னா."

பெத்தனிக்கு ஐந்து, மகென்னாவுக்கு நாலு, கொரினுக்கு இரண்டு. மொத்தத்தில் மகென்னா அறுபத்திரண்டு, பெத்தனி ஐம்பத்தேழு. மெர்லின் பேச்சை நம்பியவள் தான் ஒருத்திதான் என்று ரோண்டாவுக்குத் தோன்றியது. தலைவர் தேர்தலில் நாற்பது ஓட்டு வித்தியாசம். அங்கும் எதுவும் மாறவில்லை.

கிரெய்க் பெருமூச்சு விட்டுச் சிரித்தான். "பாத்தீங்களா? எல்லாம் அப்படியேதான் இருக்கு. இது நம்ம மூணு பேரோட போகட்டும். மிஸ் டில்மன், நீங்க ஊர்வல வண்டியப் பாருங்க."

டில்மன் போனாள். ரோண்டா சுவரை விட்டு நகரவில்லை.

"கிரெய்க்."

"சொல்லுங்க."

"பெத்தனிக்கு ஒன்பதும் மகென்னாவுக்கு ரெண்டும் விழுந்திருந்தா எம் பொண்ணு ஒரு ஓட்டுல ஜெயிச்சிருப்பா. அப்ப என்ன பண்ணியிருப்ப?"

அவன் பதினோரு தாள்களையும் அடுக்கி, ஓரங்களை மேசையில் தட்டிச் சமமாக்கினான். வெளியே பேண்ட் பிள்ளைகள் டிரம்மைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கிளிப்பைத் தேடி எடுத்துத் தாள்களில் மாட்டினான். அது சரியாக உட்காரவில்லை என்பதுபோலக் கழற்றி மறுபடியும் மாட்டினான்.

"அந்த முத்திரைய நான் புதன்கிழமையே குத்தினேன்னு நம்பியிருப்பியா?"

அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஊர்வலத்துக்குப் பிள்ளைகளை வெளியே விட மணி அடிக்க வேண்டும். அதுவும் அவள் வேலைதான். கதவைத் திறந்து, திறந்தபடியே விட்டுவிட்டுப் போனாள்.