எண்பத்து நான்கில் நின்ற நிறை

2003 செப்டெம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். ஐந்தேகாலுக்கு வீட்டிலிருந்து சாட்டிக் கடற்கரைப் பக்கமாக நடக்கத் தொடங்கினேன். காவலரணில் நின்ற கடற்படைச் சிப்பாய் வழக்கம்போல் நான் கடந்த நேரத்தைத் தன் கொப்பியில் குறித்தார். வீடு திரும்பியதும் நான் என் கொப்பியில் குறித்தேன்: போய்வர ஐம்பத்திரண்டு நிமிடம். ஆறரைக்கு, வெறும் வயிற்றுடன், அரிசி மில்லுக்குப் போனேன்.

எங்கள் பக்கத்தில் ஓர் ஆளை நிறுக்கக்கூடிய தராசு அந்த மில்லில்தான் இருந்தது. மூட்டை நிறுக்கும் தராசு. ஒவ்வொரு ஞாயிறும் அதே சாரம், அதே சேட்டுடன், செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறி நிற்பேன்.

“அண்ணை, உமியோட நிறுக்கட்டோ, உமி நீக்கி நிறுக்கட்டோ?” என்றார் மில்காரர்.

“உள்ளதை நிறுத்துச் சொல்லும்.”

“எண்பத்து நாலு. தராசில பிழையில்லை அண்ணை. இப்பதான் ரெண்டு மூட்டை நிறுத்தனான்.”

அது பத்தாவது ஞாயிறு. பத்து முறையும் எண்பத்து நான்கு.

எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. வேலணைப் பக்கத்து உப தபாற்கந்தோர் ஒன்றில் வேலை. என் ஒரே தங்கைக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. கண்டியில் வைத்தியசாலைக்கு அருகே ஓர் அறை எடுத்து, கணவனுடன் தங்கியிருந்தாள். கிழமைக்கு இரண்டு தரம் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரித்தார்கள். என் சிறுநீரகம் அவளுக்குப் பொருந்தும் என்று கண்டாயிற்று. டொக்டர் ஒன்றை மட்டும் மிச்சம் வைத்தார்: என் நிறை எண்பதுக்குக் கீழே வந்தால்தான் சத்திரசிகிச்சைக்குத் திகதி.

தை மாதம் தொண்ணூற்றிரண்டு கிலோ இருந்தேன். அன்று முதல் வாயில் வைத்ததையெல்லாம் எழுதினேன். ஜூலை நடுப்பகுதியில் எண்பத்து நான்குக்கு வந்தது. பிறகு அசையவில்லை. சோற்றைப் பாதியாக்கினேன். இரவுப் பிட்டை நிறுத்தினேன். மனைவி கோப்பையைப் பார்த்துவிட்டு, “இதுக்கு மேல குறைச்சால் நீங்கள் விழுந்திடுவியள். பிறகு ரெண்டு பேரையும் ஆர் பாக்கிறது?” என்று கேட்டாள்.

பத்து மணிக்குச் சந்தியிலிருந்த தொலைபேசிக் கடைக்குக் கொப்பியுடன் போய்க் கண்டிக்கு எடுத்தேன். தங்கை சுகம் விசாரிப்பதை எப்போதோ விட்டிருந்தாள்.

“எத்தினை அண்ணை?”

“எண்பத்து நாலு.”

அந்தப் பக்கம் பஸ் ஒன்று ஹோன் அடித்துக்கொண்டு போவது கேட்டது.

“கள்ளமாச் சாப்பிடுறீங்களோ?”

“கொப்பி கையில கிடக்கு. வாசிக்கட்டோ?”

“வாசியுங்கோ. எனக்குக் குடிக்கிற தண்ணியையே அளந்துதான் தருகினம். உங்கட அளவையும் கேப்பம்.”

முந்தின நாள் பக்கத்தை வாசித்தேன். குரக்கன் பிட்டு, சிறிய கோப்பை ஒன்று. சோறு, அரைக் கோப்பை. முருங்கையிலை வறை. மீன், இரண்டு துண்டு. இடையிடையே ஆறு இடத்தில் ஒரே வரி: வெறுந்தேநீர், சீனி இல்லை.

“அந்தத் தேத்தண்ணிக்கு என்ன கடிக்கிறீங்கள்?”

“பனங்கட்டி.”

“அதை ஏன் எழுதேல்லை?”

“அது சீனி இல்லையே.”

அவள் சிரித்தாள். மாதக்கணக்கில் நான் கேட்காத சிரிப்பு. அது இருமலில் போய் முடிந்தது.

“இனிக்குதோ, கைக்குதோ அண்ணை?”

கொப்பியில் அந்த ஆறு வரிகளையும் விரல் வைத்து எண்ணினேன்.

“எனக்கு டொக்டர் முதல் நாளே மறிச்சது பனங்கட்டியைத்தான். ஒரு நாளைக்கு எத்தினை துண்டு?”

“ஆறு. பசிச்சால் ஏழு.”

ஜூலையில் நிறை நன்றாகக் குறைந்த உற்சாகத்தில் சீனியை முற்றாக விட்டிருந்தேன். அதுவரை தேநீருக்குப் போட்ட சீனியைக் கரண்டிக் கணக்கில் எழுதியவன் நான். அதற்குப் பதிலாக மனைவி பனையோலைக் குட்டான் ஒன்று நிறையப் பனங்கட்டி வாங்கி வந்தாள். பனங்கட்டி உடம்புக்குக் கெடுதல் இல்லை என்பது எங்கள் தீவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நீரிழிவு வருத்தக்காரர்கூடச் சீனியை விட்டுவிட்டு அதைக் கடிப்பார்கள். அதை ஒரு சாப்பாடாக நான் நினைக்கவே இல்லை. சோற்றைக் குறைக்கக் குறைக்கப் பசித்தது. பசிக்கப் பசிக்கத் தேநீர் குடித்தேன். ஒவ்வொரு தேநீருக்கும் ஒரு துண்டு.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். “நானும் ஒரு நாளும் யோசிக்கேல்லை” என்று சொல்லிவிட்டு, குட்டானை எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கப் போனாள். ஒரு துண்டை மட்டும் வாங்கிக் கடதாசியில் சுற்றி வைத்துக்கொண்டேன்.

பின்னேரம் முழுவதும் பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஒன்பது கிழமை. கிழமைக்கு இரண்டு தரம் என்றால், தங்கை பதினெட்டுத் தரம் அந்த இயந்திரத்தோடு படுத்திருக்கிறாள். விட்டுப்போன துண்டுகளை அந்தந்த நாளில் சேர்த்து எழுதப் பேனையை எடுத்தேன். நிறுக்காத ஒன்றை என்னவென்று எழுதுவது? மூடி வைத்தேன்.

டிசம்பர் முதல் ஞாயிறு மில்காரர் எழுபத்தொன்பதரை என்றார். மாசியில் சத்திரசிகிச்சை நடந்தது. தங்கை பிழைத்தாள். அந்தப் பதினெட்டு நாட்களைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை. என் கொப்பியில் அந்த ஒன்பது கிழமையும் இன்றும் பிழையாகவே இருக்கின்றன.

அந்த ஞாயிறுக்கு மறுநாள், செப்டெம்பர் 15, திங்கட்கிழமை. அந்த வருடத்தில் நான் நடக்கப் போகாத ஒரே காலை அது. ஆறு மணிக்குத் தபாற்கந்தோரைத் திறந்து, தபால் பையில் கைவைப்பதற்கு முன், கடதாசியைப் பிரித்துத் துண்டைக் கடிதத் தராசில் வைத்தேன். பிறகு கொப்பியில் எழுதினேன்: பனங்கட்டி, ஒரு துண்டு, பதினாறு கிராம்.