சலைனக்கா தைக்க மறுத்த காயம்

"கெஞ்சி வைத்தியம் பார்க்குற பழக்கம் நமக்குக் கிடையாது. வேணும்னா வா, வேண்டாம்னா போ. இருபத்துமூணு வருஷத்துல ஒரு ஆளை நான் கெஞ்சினதில்ல. இனிமேலும் கெஞ்சப்போறதில்ல!"

ஒரு திங்கட்கிழமை காலை, சீட்டு வாங்க நின்ற வரிசை முழுவதும் கேட்கும்படி சலைனக்கா இப்படி அறிவித்தார். யாரும் சந்தேகப்படவில்லை. அவர் கையால் ஒருமுறை காயம் கழுவிக்கொண்டவருக்கு அவரைச் சந்தேகப்படும் தைரியம் ஆயுசுக்கும் வராது.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் அறை அவருடைய ராஜ்ஜியம். ஒரு கட்டில், ஒரு சுழல் ஸ்டூல், மூடாத மூடியோடு ஒரு குப்பைத்தொட்டி, சுவரோரம் படைவீரர்கள்போலச் சலைன் பாட்டில்கள். மற்ற நர்ஸுகள் ஒரு பாட்டிலில் நாலு காயம் கழுவினால், இவர் ஒரு காயத்துக்கு நாலு பாட்டில் காலி செய்வார். ஸ்டோர்காரர் வயிற்றெரிச்சலில் வைத்த பெயர்தான் சலைனக்கா. அதை அவர் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

எல்லாக் காயத்தையும் கழுவினாலும், அவருடைய தனிப்பாடம் மனிதக்கடி. நாய் கடித்தால், வந்தவர் நாயின் நிறம், குணம், அது வளர்ந்த வீடு எல்லாவற்றையும் கேட்காமலே சொல்வார். மனிதன் கடித்தால் மட்டும் உலகத்திலுள்ள கதவு, தகரம், கத்தி அத்தனையும் குற்றவாளிக் கூண்டில் ஏறும்.

அன்று கூண்டில் ஏறியது கத்திரிக்கோல். ஏற்றியவர் இரண்டு தெரு தள்ளிக் கடை வைத்திருக்கும் தையற்காரர். வலது கை நடுவிரல் முட்டியின்மேல் ஒரு சின்ன வெட்டு. பார்த்தால் பென்சில் சீவும்போது பட்டது என்றுகூட நம்பலாம். சின்ன டாக்டர் அதை நம்பி, ஊசியில் நூலும் கோத்துவிட்டார்.

"டாக்டர், ஒரு நிமிஷம். டெய்லரே, கையை இறுக்கி மூடுங்க."

தையற்காரர் மூடினார்.

"இது யார் பல்லு?"

"கத்திரிக்கோல் சிஸ்டர்."

"அந்தக் கத்திரிக்கோலுக்கு வாய் எங்க இருக்கு?"

தையற்காரர் மின்விசிறியை ஆராய்ந்தார். அது உதவவில்லை. "நேத்து சாயங்காலம்... என் மச்சான். காலரைத் தப்பா வெட்டிட்டான். ஏன்டான்னு கேட்டா சிரிக்கிறான்."

"சிரிச்ச வாய்லயே குத்திட்டீங்க."

"அதுதான் பக்கத்துல இருந்துச்சு."

குத்துபவன் கை மூடியிருக்கும். பல் தோலைத் தாண்டி மூட்டுவரை போகும். கையை விரித்ததும் தோல் நகர்ந்து, ஓட்டைக்குத் திரை போட்டுவிடும். எதிராளியின் எச்சிலும் அதிலுள்ள கிருமியும் உள்ளே சுகமாகக் குடித்தனம் நடத்தும். சின்ன டாக்டருக்கு இவ்வளவையும் சொல்லிக்கொண்டே அக்கா நாலு பாட்டில் சலைனைக் காலி செய்தார். பல் துண்டு ஏதும் தங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்தார்கள்; இல்லை. தடுப்பூசி போட்டார்கள். கிருமிக்கு மாத்திரை கொடுத்தார்கள். காயத்தைத் திறந்தபடியே விட்டு மேலே துணி சுற்றினார்கள்.

"தைக்கலையா?" தையற்காரரின் குரலில் தொழில்முறை அதிர்ச்சி.

"தைக்கக்கூடாது. அழுக்கை உள்ள வச்சு மூடின மாதிரி ஆயிடும்."

"கிழிசலைத் திறந்துபோட்டு அனுப்புறீங்களே, என் கடைக்கு வந்தா உங்களை இப்படி அனுப்புவேனா?"

"உங்க துணியில சீழ் பிடிக்காது, டெய்லரே. நாளைக்குக் காலைல வந்து காட்டணும்."

"வேலை கிடக்கு. பார்க்கலாம்."

அந்தப் 'பார்க்கலாம்' வாசலைத் தாண்டும்போது, அதன் முதுகைப் பார்த்து அக்கா சொன்னதுதான் முதலில் கண்ட அறிவிப்பு.

செவ்வாய்க்கிழமை தையற்காரர் வரவில்லை. அக்கா அவரை எதிர்பார்க்கவுமில்லை. சீட்டுக் கொடுப்பவரிடம் எட்டு மணிக்கும், ஒன்பதுக்கும், ஒன்பதரைக்கும் விசாரித்தது பொதுஅறிவுக்காக. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே, "பட்டன் வாங்கணும்" என்று கிளம்பினார். அன்று அவர் உடுத்தியிருந்தது சேலை.

கடைக்குள் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டியபடி இருவர். வெட்டும் மேசையில் உதடு வீங்கிய மச்சான், மெஷினில் தையற்காரர். அவர் கையில் நேற்றுப் போட்ட கட்டைக் காணோம். முட்டியின்மேல் வெள்ளை நூலில் ஐந்து தையல், ஒரே இடைவெளியில், முடிச்சு வெளியே தெரியாமல். இடது கையால் போட்டது. அந்த ஒழுங்கு எந்த சர்ஜனுக்கும் வராது.

விரல் தக்காளியாய் வீங்கியிருந்தது. சிவப்பு மணிக்கட்டை நோக்கிப் புறப்பட்டுவிட்டது.

"மடக்குங்க."

விரல் மடங்கவில்லை. அக்காவின் முகத்தில் கேலி போய்விட்டது.

"இப்பவே கிளம்புங்க. தையலைப் பிரிச்சு, மூட்டைத் திறந்து கழுவணும். ஆபரேஷன் தியேட்டர்ல வச்சுப் பண்ணணும்."

"ஸ்கூல் யூனிஃபார்ம் நாற்பது இருக்கு. வெள்ளிக்கிழமை வரேன்."

"வெள்ளிக்கிழமை ஊசி பிடிக்க விரல் இருக்காது. பைத்தியமாய்யா நீ? உடம்பென்ன கால்சட்டையா, பிடிச்சுத் தைக்க?"

திட்டினார், மிரட்டினார், மனைவியிடம் சொல்வதாகச் சொன்னார். தையற்காரர் பெடலை மிதித்துக்கொண்டே இருந்தார்.

"போய்ட்டு வாங்க அத்தான்," என்றான் மச்சான், துணியைப் பார்த்து.

"நான் அவன்கூடப் பேசுறதில்லன்னு அவன்கிட்ட சொல்லுங்க சிஸ்டர். நீங்களும்தான் நேத்து அத்தனை பேர் முன்னால வேண்டாம்னா போன்னீங்க. போய்ட்டேன். மானம் உங்களுக்கு மட்டும்தானா?"

அக்காவிடம் பதில்கள் இருந்தன, எல்லாமே சூடானவை. ஒவ்வொன்றுக்கும் அந்த விரல் இன்னும் கொஞ்சம் வீங்கும் என்று அவருக்குத் தெரிந்தது. வாடிக்கையாளர் முக்காலியை மெஷினருகே இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார்.

"அண்ணே," என்றார், "கெஞ்சிக் கேட்டுக்கறேன். வாங்க."

பெடல் நின்றது. "என்ன சொன்னீங்க?"

கேட்காமல் இல்லை, தையற்காரரின் காது ஊசி விழுந்தாலும் கேட்கும் காது. அக்காவுக்கும் அது தெரியும்.

"கெஞ்சிக் கேட்டுக்கறேன்னு சொன்னேன்."

தையற்காரர் எழுந்தார். விளக்கை அணைத்தார். வீங்கிய கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி வாசலில் செருப்பைத் தேடினார். அக்கா வெட்டும் மேசைப் பக்கம் திரும்பி, குரலை இன்னும் தணித்தார்.

"தம்பி, உங்க பல்லு பட்ட கை அது. உங்களுக்கும் ரத்தம் டெஸ்ட் பண்ணணும். நீங்களும் கொஞ்சம் வாங்கப்பா, தயவுசெஞ்சு."