இளவரசியின் மறுநாள்

சிவகௌரிக்கு வயது நாற்பத்தேழு. மானிப்பாயில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் போட்டோக்கொப்பிக் கடையில் வேலை. காலையில் பிள்ளைகளின் பாடக்குறிப்புகள் வரும், பிறகு அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ். வெய்யில் ஏறியதும் ஆள்வரத்து குறைந்துவிடும். அந்த நேரத்தில் மெஷினுக்குப் பின்னால் கதிரையைப் போட்டுச் சரித்திர நாவல் வாசிப்பாள்.

வேறு வகை நாவல்கள் அவளுக்கு ஒத்துவராது. "வீட்டுச் சண்டையை வாசிக்கப் புத்தகம் வேணுமே? றோட்டாலை போனாக் கேக்கலாம்" என்பாள். அவளுக்குக் கோட்டையும் குதிரையும் வேண்டும். அவற்றுக்கு நடுவே இரண்டு பேர் ஒருவரையொருவர் விரும்ப வேண்டும். மாறுவேடத்தில் வந்திருப்பவன் யாரென்று வாசிக்கிறவளுக்குத் தெரிந்து, கதையில் இருக்கும் பெண்ணுக்கு மட்டும் தெரியாமல் இருக்கிற பக்கங்களை வேண்டுமென்றே மெதுவாக வாசிப்பாள். பெண்ணின் இடையை வர்ணிக்க எழுத்தாளர் ஒன்றரைப் பக்கம் எடுத்துக்கொண்டால் அப்படியே தாண்டிவிடுவாள்.

அவள் கணவன் வாகீசன் வெங்காயத் தோட்டம் செய்கிறவன். புத்தகத்தைத் தொட்டதில்லை. ஆனால் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்பான்.

"இண்டைக்கு அந்தப் பெட்டை எங்கை நிக்கிறாள்?"

"சுரங்கப் பாதையிலை."

"தனியவோ?"

"ஓம். கையிலை இருந்த விளக்கும் அணைஞ்சு போச்சு."

"உவன் எங்கை துலைஞ்சவன்?"

உவன் என்றால் கதாநாயகன். வாகீசனுக்குக் கதாநாயகர்களில் ஒருபோதும் திருப்தி இருந்ததில்லை. வாளைச் சுழற்றத் தெரிந்தவனுக்கு நேரத்துக்கு வந்துசேரத் தெரியவில்லை என்று குறைசொல்வான். இப்படிக் கேட்டுக் கேட்டே ஒரு அலுமாரி நிறைந்த நாவல்களை அவன் அறிந்து வைத்திருந்தான்.

மாசி மாதம் ஒரு காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போனவன் வரம்பிலே விழுந்து கிடந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது உயிர் இல்லை. மாரடைப்பு என்றார்கள்.

சிவகௌரி அழவில்லை. வந்த பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தபோது, ஒருத்தியின் சட்டைக் கையில் தையல் விட்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொழும்பில் படிக்கும் மகள் ஆரணி வந்து தாயின் மடியில் விழுந்தாள்.

"அம்மா, ஒருக்கா அழுதிடுங்கோ."

"வருகுதில்லைப் பிள்ளை."

கீரிமலையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் ஆரணி படிப்புக்குத் திரும்பினாள். சிவகௌரி கடைக்குத் திரும்பினாள். மெஷின் வெளிச்சம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. நாவல்களையும் நிறுத்தவில்லை. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்தாள். இடை வர்ணனையைக்கூடத் தாண்டவில்லை. தாண்டுவதற்கு ஒரு காரணம் வேண்டும், அது அவளிடம் இல்லை. மாறுவேடம் கலைந்தது, காதலர் சேர்ந்தார்கள், புத்தகம் முடிந்தது. இன்னொன்றை எடுத்தாள். நன்றாயிருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆனி மாதம் வினோஜா கடைக்கு வந்தாள். வங்கியில் வேலை செய்யும் பெட்டை. சனிக்கிழமை பின்னேரங்களில் வாசிகசாலையில் நாலைந்து பேர் கூடி, எல்லோரும் வாசித்த ஒரு சரித்திர நாவலைப் பற்றிக் கதைப்பார்கள்.

"அக்கா, நீங்களும் வாங்கோவன்."

"ஓம், வாறன்" என்றாள். வரமாட்டேன் என்று சொல்வதற்கும் அவளுக்குத் தெம்பு வேண்டியிருந்தது.

கூட்டத்துக்குத் தலைவர் போல இருந்தவர் அருளம்பலம், ஓய்வுபெற்ற தபாலதிபர். அவருக்குப் போர்தான் வேண்டும். "ரெண்டு பேரும் குளத்தடியிலை நிண்டு கதைச்சுக்கொண்டே இருந்தா எதிரி கோட்டையைப் பிடிச்சிடுவான்" என்று காதல் அத்தியாயங்களைக் கடிந்துகொள்வார். வினோஜாவுக்கு எதிர்த்துக் கதைக்கிற இளவரசிகளைப் பிடிக்கும்; வென்றவனுக்குப் பெண்ணைப் பரிசாகக் கொடுக்கும் முடிவு வந்தால் புத்தகத்தைத் தூர வைத்துவிடுவாள். குருநகரிலிருந்து பஸ்ஸில் வந்து மானிப்பாய்த் தையல்கடையில் வேலை செய்யும் யசிந்தாவுக்கு அழ வேண்டும். அழவைக்காத நாவலை அவள் நாவல் என்று ஒப்புக்கொள்ளமாட்டாள்.

ஆனால் சிவகௌரி வந்த நாளிலிருந்து யசிந்தாவுக்கு அழ எதுவும் கிடைக்கவில்லை. தெரிந்தெடுத்த நாவல்களில் ஒருவரும் சாகவில்லை. அருளம்பலம்கூட வாளே உருவப்படாத ஒரு கதையைக் கொட்டாவி விட்டபடி புகழ்ந்தார். கதைத்துக்கொண்டிருக்கும்போது யாராவது "செத்த பிறகு" என்று தொடங்கினால் மற்றவர்கள் இருமினார்கள். சிவகௌரிக்கு இது விளங்க மூன்று நாலு சனிக்கிழமை பிடித்தது.

"என்னைப் பாத்து ஏன் பயப்பிடுறியள்? நீங்கள் வழக்கமா வாசிக்கிறதை வாசியுங்கோ" என்றாள்.

அடுத்ததாக எடுத்த நாவல் பறங்கியர் காலத்துக் கதை. நல்லூர் இளவரசி ஒருத்தி, வல்வெட்டித்துறைக் கப்பல்தலைவன் ஒருவன். கடைசியில் பறங்கியின் பீரங்கியில் அவன் கப்பல் எரிகிறது. செய்தி கரைக்கு வந்ததும் இளவரசி அவன் பெயரைச் சொல்லி மணலில் விழுகிறாள். அந்த இடத்திலேயே அவள் உயிரும் போய்விடுகிறது.

சனிக்கிழமை யசிந்தாதான் முதலில் தொடங்கினாள். "கண் வீங்கிப்போச்சு எனக்கு. ரெண்டு பேரும் ஒண்டாப் போயிட்டினம். எவ்வளவு வடிவான முடிவு!"

"பீரங்கிச் சண்டை வலு திறம்" என்று ஆரம்பித்த அருளம்பலம், சிவகௌரியைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

சிவகௌரி சொன்னாள்: "எனக்குப் பிடிக்கேல்லை."

அவள் அங்கே பிடித்தது, பிடிக்காதது என்று எதையும் அதுவரை சொன்னதில்லை.

"எது பிள்ளை?" என்றார் அருளம்பலம்.

"அவள் செத்தது. விழுந்த உடனை செத்துப்போறாள். எழுதினவருக்கு அது சுகம். அடுத்த நாள் அவளை வைச்சுக்கொண்டு என்ன செய்யிறதெண்டு அவருக்குத் தெரியேல்லை."

"காதல் அவ்வளவு பெரிசெண்டு காட்டத்தானே அக்கா" என்றாள் வினோஜா.

"அப்ப சாகாதவையின்ரை என்ன மாதிரி?"

சிவகௌரி கையிலிருந்த நாவலை மேசையில் வைத்தாள்.

"நான் சாகேல்லைத்தானே. எட்டுச் செலவுப் படையலண்டைக்கு எனக்கு வலு பசி. கத்தரிக்காய்க் குழம்புக்கு உப்புக் காணாதெண்டும் தெரிஞ்சது. ஆரும் பாக்கிறதுக்கு முதல் இன்னும் கொஞ்சம் போட்டுச் சாப்பிட்டனான். அவர் இல்லாமல் எட்டு நாள், எனக்கு உப்பு வேணுமாயிருக்கு. அந்த இளவரசிக்கு இது ஒண்டும் இல்லை."

குரலில் ஏற்றமோ இறக்கமோ இல்லை. கொப்பி எடுக்க வந்தவரிடம் எத்தனை பிரதி என்று கேட்கிற அதே குரல்.

யசிந்தா மேசையைப் பார்த்தபடி பேசினாள். "என்ரை மனுசன் கடலுக்குப் போறவர் அக்கா. காத்து மாறினா எனக்கு நித்திரை இல்லை. ஏதும் நடந்தா என்னையும் அண்டைக்கே எடுத்திட வேணுமெண்டுதான் மாதாவைக் கேக்கிறனான். அதாலைதான் எனக்கு அந்த முடிவு பிடிச்சது."

"அது கேட்டு நடக்காது யசிந்தா."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது. யசிந்தா பையை எடுத்துக்கொண்டு, பஸ் போய்விடும் என்று எழுந்து போனாள். அருளம்பலம் ஜன்னல்களைச் சாத்தினார். அன்றைய கூட்டம் அவ்வளவுதான்.

சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியில் சிவகௌரிக்குக் காது சுட்டது. காய்ச்சலோ என்று நினைத்தாள். கேற்றைத் திறக்கும்போதுதான் அது கோபம் என்று தெரிந்தது. எழுதினவர்மேல் கொஞ்சம். ஒரு வரியில் தப்பிப் போய்விட்ட இளவரசிமேல் அதைவிடக் கூட. உள்ளே வந்து விளக்கைப் போட்டு, அந்தக் கடைசிப் பக்கத்தை மறுபடியும் வாசித்தாள். கோபம் இன்னும் இருந்தது. வாகீசனாயிருந்தால் கப்பல்காரனைத்தான் திட்டியிருப்பான், பீரங்கியைக் கண்டும் ஏன் கிட்டப் போனான் என்று. புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சோற்றைச் சூடாக்கினாள். அழுகை வரவில்லை. வரும் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை யசிந்தா வருவாளோ என்று வினோஜா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தாள். கொஞ்சம் பிந்தி வந்து, சிவகௌரிக்குப் பக்கத்துக் கதிரையிலேயே இருந்தாள்.

"எனக்கு அந்த முடிவு இப்பவும் பிடிக்கும் அக்கா."

"பிடிக்கட்டும்" என்றாள் சிவகௌரி.

அதற்கு மேல் அதைப்பற்றி இருவரும் கதைக்கவில்லை. பிறகு பஸ் தரிப்புவரை சேர்ந்து நடந்தார்கள். யசிந்தாவின் தையல்கடை முதலாளியைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் கதை போனது.

மார்கழியில் அருளம்பலம் தெரிவுசெய்த நாவல் மிகவும் தடித்தது. சிவகௌரி ஆறேழு அத்தியாயம் வாசித்தாள். படைகள் போய்க்கொண்டே இருந்தன. ஒரு மத்தியானம் புத்தகத்தை மூடி மெஷினுக்கு மேலே வைத்தவள், மறுபடி எடுக்கவில்லை.

"முடிக்கேல்லையோ?" என்று அருளம்பலம் கேட்டார்.

"இல்லை ஐயா. குதிரையள் மட்டும்தான் வருகுது. ஆக்களைக் காணேல்லை."

"குதிரையள்தானே பிள்ளை அதிலை விசேசம்!" அவர் மனவருத்தப்பட்டது போலச் சொன்னாலும், பழையபடி சண்டைபோட ஆள் கிடைத்ததில் முகம் மலர்ந்திருந்தது. அன்று அவரும் சிவகௌரியின் பக்கம் நின்ற வினோஜாவும் வாசிகசாலை பூட்டும்வரை வாதாடினார்கள். சிவகௌரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாசியில் ஆண்டுத் திவசத்துக்காக ஆரணி கொழும்பிலிருந்து வந்தாள். திவசத்துக்கு முந்தின நாள் பின்னேரம் இருவரும் குசினியில் நின்றார்கள்.

"இப்ப எப்பிடியம்மா இருக்கிறியள்?"

சிவகௌரி யோசித்துத்தான் சொன்னாள். "பெரிசா ஒண்டுமில்லை. சில புத்தகங்கள் பிடிக்குதில்லை."

ஆரணிக்கு அது விளங்கவில்லை. நாளைக்கு ஐயருக்குக் கொடுக்க என்னென்ன மரக்கறி வேண்டும் என்று கேட்டாள். வாழைக்காய் வீட்டிலே இருக்கிறது, மற்றதெல்லாம் சந்தையில்தான் வாங்க வேண்டும் என்றாள் சிவகௌரி.