கைகளை ஒளித்து வைத்த உம்மா

கல்முனையில் ஒரு செவிப்புலன் பரிசோதனை அறையில் வேலை செய்கிறேன். காது கேளாத பிள்ளைகளின் தாய்மாருக்கு ஒரு தாள் கொடுப்போம். அதில் மூன்று வரிகள்: காது மெஷினைக் கழற்ற வேண்டாம், வாய் தெரியும்படி முகம் பார்த்துக் கதையுங்கள், கைச்சைகை காட்ட வேண்டாம், காட்டினால் பிள்ளை பேசப் பழகாது.

சாய்ந்தமருதிலிருந்து ஒரு உம்மா ஐந்து வயது மகளோடு வருவார். உள்ளே வந்ததும் முகத்திரையை உயர்த்திவிட்டு, இரு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து உட்காருவார். தவறியும் அவை அசையக்கூடாது என்பதற்காக. மகள் அவருடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் பிள்ளை அழுது வீங்கிய முகத்தோடு வந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"எங்க போறம் எண்டு பஸ்ஸுல கையால கேட்டாள், மிஸ். ஊசி போடத்தான் எண்டு பயந்துட்டாள் போல. என்ட முகம் மூடியிருக்கு. நான் என்னத்தச் சொல்ற?"

"கொஞ்சம் பொறுங்க, பழகிடுவா."

"ஓம், ஊட்டுக்குள்ள எனக்கு வாய் இருக்கு. றோட்டுல கண் மட்டும்தான். கையையும் நீங்க எடுத்துட்டீங்க. அந்த நேரம் என்ட புள்ளைக்கு உம்மா எங்க, மிஸ்?"

அப்போதும் அவர் கைகளை வெளியே எடுக்கவில்லை. அதன் பிறகு அவர் வரவேயில்லை.

தாள் மாறவில்லை. முகத்திரையோடு ஒரு தாய் வந்தால், முதல் இரண்டு வரிகளை மட்டும் வாசித்துக்காட்டி, தாளை மடித்துக் கொடுத்துவிடுகிறேன். மூன்றாவதை அவர் வீட்டில் வாசிப்பார் என்பது எனக்குத் தெரியும்.